இழுவையில் மட்டும் சூடாகும் எஞ்சின்

வெறும் வண்டியாக ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பின்னால் டிரெய்லரை மாட்டி மேடு ஏறினால் மட்டும் வெப்பமானி முள் சிவப்பை நெருங்குகிறது. பலர் உடனே தெர்மோஸ்டாட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) மாற்றிவிடுகிறார்கள். சரி, அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது, சூடு எப்போது ஏறுகிறது என்பதைத்தான்.

எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவம் வழியாக, அதைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டருக்கு வந்து சேரும். பாரம் இழுத்தால் எரிபொருள் கூடுதலாக எரியும், இந்தக் கழிவு வெப்பமும் கூடும். பாதி அடைபட்ட ரேடியேட்டர்கூட வெறும் வண்டிக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அதன் குறையை இழுவை வெளியே கொண்டுவருகிறது.

நின்றால் சூடாகி, ஓடினால் தணிகிறதா? காற்று போதவில்லை. பல டிரக்குகளில் ஃபேனை ஒரு கிளட்ச்தான் இயக்குகிறது. அதன் முகப்பிலுள்ள இரட்டை உலோகச் சுருள் சூடானதும் உள்ளே வால்வு திறந்து, கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் ஃபேனைப் பிடித்துச் சுழற்றும். எண்ணெய் கசிந்துபோனால் ஃபேன் சுற்றும், ஆனால் காற்றை இழுக்காது. மெதுவாக மேடு ஏறும்போதும் இதே கதைதான்.

வேகமாகப் போகும்போதுதான் சூடு என்றால் ரேடியேட்டரின் உள்ளடைப்பைச் சந்தேகிக்கலாம். அப்புறம், ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கையும் பாருங்கள். தூசியும் பூச்சியும் அங்கே மெத்தைபோலப் படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) கசிவுதான் மிகவும் ஏமாற்றும். லேசான ஓட்டத்தில் ஒளிந்திருக்கும். சுமையில் சிலிண்டர் அழுத்தம் உயர்ந்ததும் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். வெளியே சொட்டு கசிவில்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போவதும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாய் (மேல் ஹோஸ்) விறைப்பதும் அதன் அடையாளங்கள். சோதிக்க நீல நிறத் திரவம் ஒன்று உண்டு. கூலன்ட்டுக்கு மேலுள்ள காற்றை அதன் வழியே இழுத்தால், பெட்ரோல் எஞ்சினில் கசிவு இருக்கும்போது திரவம் மஞ்சளாகும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து, கொதிநிலையை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ் உயர்த்தி வைத்திருப்பதே அந்த மூடிதான். அதைத் திறந்த நொடியில் அழுத்தம் விழுந்து, கூலன்ட் கொதித்து முகத்தில் பாயும். எஞ்சின் நன்றாக ஆறி, மேல் ஹோஸ் கையால் அமுக்கினால் குழையும் வரை காத்திருங்கள்.