ஓய்வுக்குப் பிறகு எதற்காகப் புதிதாகக் கற்க வேண்டும்?

ஓய்வு பெற்று ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை மறதி. சாவியை வைத்த இடம், நேற்றுப் போன் பண்ணியவர் பெயர், எதுவும் மனதில் நிற்பதில்லை என்பார்கள். மதுரையில் மனநல ஆலோசகராக இருக்கும் நான் முதலில் அவர்களை மருத்துவரிடம்தான் அனுப்புவேன். தைராய்டு குறைவு, பி12 குறைவு, காது மந்தம் என்று எதுவாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வழி உண்டு.

ரிப்போர்ட் எல்லாம் சரியாக வந்தால், அவருடைய ஒரு நாளைச் சொல்லச் சொல்வேன். காலையில் பேப்பர், டிபன், டிவி, சாப்பாடு, தூக்கம், மறுபடி டிவி, நடுநடுவே செல்போன். நேற்றும் அதே, முந்தாநாளும் அதே. இப்படி ஒன்றுபோலவே போகும் நாட்களை மனம் தனித்தனியாக எடுத்து வைப்பதில்லை.

ஏதாவது புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்றால், “இனிமே படிச்சு என்ன சார் ஆகப் போகுது?” என்று கேட்கிறார்கள். சம்பளத்துக்கும் பதவி உயர்வுக்கும் மட்டுமே கற்றுப் பழகியதால் வரும் கேள்வி இது. வளர்ந்தவர்களின் மூளையும் கற்றால் மாறும். லண்டனில் டாக்ஸி உரிமம் வாங்க ஏறத்தாழ 25,000 தெருக்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்த ஓட்டுநர்களுக்கு, மூளையில் இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் பெரிதாக இருப்பதாக 2000-ல் ஓர் ஆய்வு வந்தது. 2011-ல் உரிமத்துக்காகப் பயிற்சி எடுப்பவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டும் அந்த மாற்றம் தெரிந்தது.

கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்) பேரனோடு கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனார். பானை ஓட்டில் கீறியிருந்த தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தைக் காட்டி, “இதை எப்படிப் படிக்கிறது தாத்தா?” என்று பையன் கேட்டிருக்கிறான். அடுத்த முறை வந்தபோது என் மேஜையில் இருந்த தாளை இழுத்து, “கூட்டல் குறி போட்டா ‘க’, நேரா ஒரு கோடு போட்டா ‘ர’” என்று எழுதிக் காட்டினார். தாத்தாவும் பேரனும் அதில் ரகசியச் சீட்டு எழுதிக்கொள்கிறார்களாம். அந்தத் தைரியத்தில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போயிருக்கிறார். அங்கே இருப்பது வட்டெழுத்து என்ற வேறொரு பழைய எழுத்து, ஒன்றும் பிடிபடவில்லை. “விடப் போறதில்ல சார்” என்றார். மறதியைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவே இல்லை.

ஆர்வம் வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். சோர்ந்த மனதுக்கு ஆர்வம் தானாக வராது. இறங்கிச் செய்யச் செய்யத்தான் வரும். கொஞ்சம் கஷ்டமானதாக, நாலு பேரோடு சேர்ந்து செய்வதாகத் தேர்ந்தெடுங்கள். டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவதற்கான, நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சொன்ன 14-இல் தனிமையும் ஒன்று. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மதுரை புது நத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் நண்பரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

அம்மாக்கள் விஷயம் வேறு. சமையலறைக்கு ஓய்வு வயது கிடையாது. அவர்களுக்கு உபதேசம் வேண்டாம். வேலையைப் பகிர்ந்துகொண்டு இரண்டு மணி நேரத்தை விடுவித்துக் கொடுங்கள். “இந்த வயசுல எதுக்கும்மா பாட்டு கிளாஸ்?” என்று பிள்ளைகள் கேட்கும்போது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றாலும் சாதாரண மறதி என்று விட்டுவிடாதீர்கள். இவர்களிடம் போய் எதையாவது கற்றுக்கொள்ளச் சொல்லாமல், உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் இருக்கின்றன.