கொள்கை குறித்துத் தொண்டு நிறுவனங்கள் அரசிடம் பேசலாம்: சட்டத்தின் வரம்பும் அதற்குள் உள்ள வழிகளும்

களத்தில் பல ஆண்டுகள் வேலை செய்த சிறு அமைப்புகள்கூட, தங்கள் மக்களைப் பாதிக்கும் ஒரு சட்ட வரைவு வெளிவரும்போது, "நாம் அறக்கட்டளை, அரசியல் பேசக் கூடாது" என்று ஒதுங்கிக்கொள்கின்றன. இந்த அச்சம் பாதிதான் சரி. ஒரு கட்சிக்காகவோ வேட்பாளருக்காகவோ அமைப்பின் பணத்தையும் ஆட்களையும் ஈடுபடுத்தினால் பதிவுக்கே ஆபத்து வரலாம். ஆனால் ஒரு சட்டம் எப்படி அமைய வேண்டும், ஓர் அரசாணை யாரை விட்டுவிட்டது என்று அரசிடம் எடுத்துரைப்பது, கருத்துச் சொல்லவும் சங்கமாகச் சேரவும் அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்குத் தரும் உரிமையைச் சேர்ந்தது.

வரிச் சலுகை போய்விடுமோ என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே விடை சொல்லிவிட்டது. சென்னையில் இயங்கிய ஆந்திர வர்த்தக சபையின் நோக்கங்களில், வணிகத்தைப் பாதிக்கும் சட்டங்களை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. இது அரசியல் நோக்கம், எனவே அறநிறுவனத்துக்குரிய விலக்கு கிடையாது என்று வருமான வரித் துறை வாதிட்டது. முதன்மை நோக்கம் வணிகத்தை வளர்ப்பதே, சட்டம் குறித்த முயற்சி அதற்குத் துணையானது மட்டுமே என்று கூறி நீதிமன்றம் சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆகவே, ஆய்வு செய்வதும் அரசிடம் கருத்து முன்வைப்பதும் முதன்மைப் பணிக்குத் துணையானவை என்று அறக்கட்டளைப் பத்திரத்திலோ சங்க விதிகளிலோ ஒரு வாசகம் இருப்பது நல்லது. பின்னாளில் அந்த வாசகத்தைச் சேர்ப்பவர்கள் வருமான வரிப் பதிவிலும் உரிய மாற்றத்தைச் செய்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டு நிதி பெறுவோருக்குக் கூடுதல் கவனம் தேவை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அரசியல் தன்மை கொண்ட அமைப்புகள் அத்தகைய நிதியைப் பெறத் தடை விதிக்கிறது. பந்த், கடையடைப்பு, சாலை மறியல், ரயில் மறியல் போன்ற முறைகளைப் பொதுப் பிரச்சினைகளுக்காக வழக்கமாகக் கையாளும் அமைப்பும் இந்த வகையில் சேரும் என்று 2011-ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தீவிர அரசியலோடோ கட்சி அரசியலோடோ தொடர்பில்லாத அமைப்பை இதற்காக மட்டும் தண்டிக்க முடியாது என்று வரம்பு கட்டியது. அதே ஆண்டில் விதியும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. இன்னொன்று: 2020 திருத்தத்துக்குப் பின் ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. ஆகவே கூட்டாக ஒரு பரப்புரையைத் திட்டமிடுவோர் அந்தச் செலவை யார், எந்தக் கணக்கிலிருந்து செய்வது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எங்கே பேசுவது? மசோதா சட்டமான பிறகு அதை மாற்றுவது கடினம். வரைவாக இருக்கும்போதே பேசுவதுதான் பலன் தரும். ஒன்றிய அரசின் ஒவ்வோர் அமைச்சகமும் சட்ட வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வாழ்வாதாரத்தின் மீதும் சுற்றுச்சூழலின் மீதும் அதனால் ஏற்படும் விளைவை விளக்க வேண்டும் என்று 2014 பிப்ரவரியில் வெளியான முன்கலந்தாய்வுக் கொள்கை சொல்கிறது. இது சட்டமல்ல என்பதால் பல வரைவுகளில் பின்பற்றப்படுவதில்லை. அப்படி விடுபடும்போது கொள்கையைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதுவதே முதல் வேலை. மொழியும் ஒரு தடைதான். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியானபோது, அதை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குச் சென்றால், குழு நாளிதழ்களில் விளம்பரம் செய்து கருத்துக் கேட்கும். அவகாசம் பெரும்பாலும் 15 நாள்தான். இங்கே பலர் தவறவிடும் ஒரு விதி இருக்கிறது: குழுவுக்கு அனுப்பிய மனு குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும். அதை அப்படியே பத்திரிகைக்குக் கொடுப்பது நாடாளுமன்றத்தின் உரிமையை மீறியதாகக் கருதப்படலாம்.

மனு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். "மாற்றுத்திறனாளிகள் மிகவும் சிரமப்படுகிறார்கள்" என்ற வாக்கியம் எந்த அதிகாரியையும் அசைக்காது. வரைவின் எந்தப் பிரிவில் எந்தச் சொற்களை நீக்கி எதைச் சேர்க்க வேண்டும் என்று எழுதி, அதன் கீழே உங்கள் பதிவேட்டில் எத்தனை பேருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது, எந்தக் காரணத்தால் என்பதைப் பெயர் குறிப்பிடாமல் வைத்தால், அதைக் கோப்பில் எடுத்து எழுத வேண்டிய நிலை அவருக்கு ஏற்படும். தமிழ்நாடு சட்டமன்றத்தில் துறைகளின் நிதி ஒதுக்கீட்டுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பை முதலில் படியுங்கள். துறையே அதில் ஒப்புக்கொண்ட இலக்கை மேற்கோள் காட்டும் மனுவை மறுப்பது எளிதல்ல.

மனு கொடுத்தபின் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அவை தொடர்பான உண்மைகளை அரசே வெளியிட வேண்டும் என்று அதன் 4-ஆவது பிரிவு சொல்கிறது. விண்ணப்பிக்கும் உரிமை குடிமக்களுக்கே உண்டு என்பதால், அமைப்பின் பெயரில் அனுப்பாமல் உறுப்பினர் ஒருவர் தம் பெயரில், 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, மனு எந்த அதிகாரியிடம் இருக்கிறது, அதன்மீது கோப்பில் என்ன குறிப்பு எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம்.