கணவன் கையால் கொடுத்தால்தான் விவாகரத்து

யூத மதச் சட்டத்தில் நீதிமன்றம் யாருக்கும் விவாகரத்து வழங்குவதில்லை. மணத்தை முறிப்பவன் கணவன். ‘பெத் தின்’ எனப்படும், ரபிகள் என்ற யூத மதகுருக்களின் நீதிமன்றம், எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தள்ளுதற்சீட்டு ஒன்றை எழுதி மனைவி கையில் கொடுக்க வேண்டும் என்கிறது பைபிளின் உபாகமம் 24ஆம் அதிகாரம். அந்தச் சீட்டுக்குப் பெயர் ‘கெட்’.

எழுதுவது என்றால் எதில், கொடுப்பது என்றால் எப்படி என்று ரபிகள் துருவித் துருவி விவாதித்திருக்கிறார்கள். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இதற்கென்றே ‘கித்தின்’ என்றொரு பகுதி உண்டு. ஒலிவ இலையில் எழுதலாமாம். மாட்டுக் கொம்பிலும் எழுதலாம், ஆனால் மாட்டையே மனைவிக்குக் கொடுத்துவிட வேண்டும்!

இன்று தாளில்தான் எழுதுகிறார்கள். சோஃபேர் என்ற எழுத்தர் இறகுப் பேனாவால், பெரும்பாலும் அரமேய மொழியில், 12 வரிகள் எழுதுவார். அச்சடித்த படிவத்தில் பெயரை நிரப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை; இந்தத் தம்பதிக்கென்றே எழுத வேண்டும். தாளும் மையும் எழுத்தருடையவை. அவற்றை முதலில் கணவனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவார். அவன் திரும்ப அவர் கையிலேயே கொடுத்து, தனக்காக எழுதச் சொல்வான். நாடகம் மாதிரி தெரியும். ஆனால் சீட்டு அவனுடைய சொத்தாக இருந்தால்தான் அவன் கொடுத்ததாக ஆகும். ஆள் மாறாட்டத்துக்கு இடமில்லாமல் இருவரின் செல்லப்பெயர்கள், ஊர்ப்பெயர், பக்கத்தில் ஓடும் ஆறு வரை எழுதுவார்கள்.

இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டதும் அவள் இரு கைகளையும் சேர்த்து நீட்டுவாள். இனி நீ எந்த ஆணையும் மணக்கலாம் என்று சொல்லி அவன் சீட்டை அந்தக் கைகளில் போடுவான். அது தன்னுடையதாகிவிட்டது என்று காட்ட, அவள் அதை எடுத்துக்கொண்டு சில அடி நடப்பாள். அப்புறம் ரபிகள் அதை வாங்கிக் கிழித்துக் கோப்பில் வைத்துவிட்டு, அவளுக்குச் சான்றிதழ் தருவார்கள். மறுமணத்துக்குச் சுமார் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பிறக்கும் குழந்தையின் தந்தை யார் என்ற குழப்பம் வரக்கூடாதல்லவா.

சிக்கல் கணவனின் சம்மதத்தில் இருக்கிறது. கட்டாயப்படுத்தி வாங்கிய கெட் செல்லாது. சுமார் 1000ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த ரபி கெர்ஷோமின் பெயரால் வழங்கும் தடை வந்தபின், ஐரோப்பிய யூதரிடையே மனைவியின் சம்மதமும் தேவையானது. இருந்தும் தராசு சமமாகவில்லை. கெட் கிடைக்காத பெண் ‘அகுனா’, கட்டுண்டவள். வேறொருவருடன் அவள் பெற்ற பிள்ளை ‘மம்ஸேர்’ ஆகி, மற்ற யூதர்களைப் போல மணம் செய்துகொள்ள முடியாமல் போகும். கணவன் வேறொரு மணமாகாத பெண்ணிடம் பெற்ற பிள்ளைக்கு அந்தக் கறை கிடையாது. ஆகவே இழுத்தடிப்பவன் பெரும்பாலும் அவன்தான். பணத்துக்கோ, பிள்ளைகளுக்கோ, வெறும் வன்மத்துக்கோ.

ஆனால் கெட் கொடுக்கக் கடமைப்பட்டவனை அடித்தாவது ‘சம்மதம்’ சொல்ல வைக்கலாம் என்றார் 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ். அவன் உள்மனம் சட்டப்படி நடக்கவே விரும்புகிறது என்பது வாதம். கெட்டிக்கார வாதம்தான்! இஸ்ரேலில் 1995 முதல், மறுப்பவனின் ஓட்டுநர் உரிமத்தை ரபி நீதிமன்றம் முடக்கலாம், வெளிநாடு போகாமல் தடுக்கலாம், சிறையிலும் போடலாம். ஆனாலும் அவனுக்குப் பதிலாக நீதிபதி கெட் கொடுத்துவிட முடியாது.

அமெரிக்காவில் பல ஜோடிகள் கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். பிரிந்தபின் கெட் கொடுக்கும்வரை நாளொன்றுக்கு 150 டாலர் என்பது வழக்கமான தொகை. அதை அபராதம் என்று எழுதினால் கட்டாயம் ஆகிவிடும். அதனால் மனைவிக்கான ஜீவனாம்சம் என்று எழுதுகிறார்கள்.