வாடிய வயலட்டுக்கு உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

போன வாரம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா துணிப்பையில், வீட்டுக்குள் வளர்க்கும் ஆப்பிரிக்கன் வயலட் பூச்செடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற்காட்டில் இருக்கும் எங்கள் நர்சரிக்கு வந்தார். இலைகள் துவண்டு விளிம்பில் படுத்துக் கிடந்தன. "தெனமும் ரெண்டு வேளை ஊத்தறேங்க, அப்பவும் வாடுதுங்க" என்றார். தொட்டி கல்லாய்க் கனத்தது. செடியை லேசாகத் தூக்கினேன். வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. கோடை விழா முடிந்து நான் பார்க்கும் ஏழாவது தொட்டி இது.

வாடினால் தாகம் என்று யார் சொன்னது? இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை, வாடலுக்கு அவ்வளவுதான் பொருள். மண் காய்ந்திருந்தாலும் சேராது, உறிஞ்ச வேர் இல்லாவிட்டாலும் சேராது. என்னிடம் வருபவை பெரும்பாலும் இரண்டாவது வகை. சொதசொதவென்ற மண்ணில் வேர் அழுகுகிறது, இலை துவள்கிறது, நீங்கள் இன்னொரு சொம்பு ஊற்றுகிறீர்கள். மறுநாள் இன்னும் துவள்கிறது, இன்னொரு சொம்பு. கடைசியில் குருத்தும் அழுகிவிடுகிறது.

மாடி ரோஜாவுக்கும் மல்லிக்கும் ஊற்றிய கை இது. ஆனால் வயலட் வேறு. 1892-ல் ஜெர்மன் அதிகாரி வால்டர் வான் செயின்ட் பால் இதைக் கண்டெடுத்தது இன்றைய தான்சானியாவின் உசம்பரா மலைகளில். அங்கே நிழலான பாறை இடுக்குகளில், கையளவு மண்ணில் வளரும் செடி. தண்ணீர் பட்டதும் வடிய வேண்டும். அதற்கு வெறும் செம்மண் ஆகாது. தென்னை நார்த்தூளும், பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துகளும் கலந்திருக்க வேண்டும்.

ஊற்றும் முன் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், விரலை வைத்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதை அரை மணியில் கொட்டிவிடுங்கள். இதற்கு 18 முதல் 24 டிகிரிதான் இதம். சேலத்து சித்திரை வெயிலில் ஈரமண்ணிலும் மதியம் துவளும், சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும். அப்போதும் சொம்பைத் தொடாதீர்கள்.

இலையில் வெளிறிய வளையங்கள் வந்தால் பூஞ்சை மருந்து வாங்கி ஓடாதீர்கள், அது நோயே இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்ட தழும்பு. எங்கள் பக்கம் மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் இதுதான் நடக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுங்கள். தழும்பு மாறாது, புது இலை நன்றாக வரும்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாய்ப் படிவது போர்த் தண்ணீர் உப்பு. அதில் உரசும் காம்பு அழுகும். துடைத்துவிட்டு, மாதம் ஒருமுறை மழைநீரை மேலிருந்து ஊற்றி முழுவதும் வடியவிடுங்கள்.

நடுக்குருத்து இறுகி, சாம்பல் பூத்து, தொட்டால் ஒடிந்தால் சிலந்திப்பேன். அந்தச் செடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். மனசு கேட்காது, தெரியும். பக்கத்துத் தொட்டிகளை நினைத்துப் பாருங்கள்.

அந்த அம்மாவின் செடியில் கெட்டியாக இருந்த மூன்று இலைகளைக் காம்பை இரண்டு சென்டிமீட்டர் விட்டு, சாய்வாக நறுக்கி, ஈர நார்த்தூளில் செருகிக் கொடுத்தனுப்பினேன். வேர் பிடிக்க ஒரு மாதம், குட்டிச்செடி தலைகாட்ட இரண்டு மூன்று மாதம். அதுவரை, வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள் கண்ணு, தயவுசெய்து.