சன்னம் என்ற சொல்லும் சுடப் பழகும் பிள்ளையும்

வவுனியாவில் நான் வேலை செய்யும் இயன்மருத்துவ அறையில் ஒரு கட்டில், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, நடை பழகுவதற்கான பிடிகம்பிகள் இருக்கின்றன. செயற்கைக் கால் போட்ட பலர் இந்தக் கம்பிகளைப் பிடித்துத்தான் திரும்ப நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய கொப்பிகளில் 'சன்னம்', அதாவது துவக்குக் குண்டு, என்ற சொல் அடிக்கடி வரும். தோளில் சன்னம், இடுப்பில் செல் (எறிகணை) துண்டு, எடுக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறது என்று.

ஒருநாள் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று முதுகுவலி என்று வந்தாள். எப்போது வலிக்கிறது என்று கேட்டேன். "ஒரு பெட்டிச் சன்னம் முடியுற நேரம் மிஸ்" என்றாள். எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றுவிட்டது. அவள் சொன்னது 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தை. பத்து மீற்றர் எயார் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) போட்டிக்குப் பழகுகிற பிள்ளை. கூட வந்திருந்த அப்பாவின் தோளில் 2009இல் போரில் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அவரும் என்னிடம் கைப்பயிற்சிக்கு வந்து போனவர்தான். (வீட்டில் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அதன் பிறகு இந்த விளையாட்டிலுள்ள வேறு பிள்ளைகளும் வந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இந்தப் பிள்ளைகள் தோற்பது இலக்குக்கு முன்னால் மட்டும் இல்லை. அங்கே வந்து நிற்பதற்கு முன்பே பல இடங்களில் புள்ளிகளை விட்டுவிட்டு வருகிறார்கள். அவற்றில் முக்கால்வாசி பெரியவர்களான எங்களுடைய பிழை, ஆனால் பிள்ளையின் கணக்கில் எழுதப்படுகிறது.

முதலில் அந்த முதுகு. நின்று சுடுவதைப் பார்த்தால், ஓடவில்லை, பாயவில்லை, இதில் என்ன நோகப்போகிறது என்றுதான் தோன்றும். நான் அவளைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றினாள். பாரத்தைத் தசை தாங்கக்கூடாது, எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கினால் நடுங்கும். அதற்காக இடுப்பை முன்னுக்குத் தள்ளி, மேலுடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, முள்ளந்தண்டைக் கொஞ்சம் முறுக்கி நிற்க வேண்டும். ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். அவளுடைய நிறை 44 கிலோ, ஆக உடம்பில் எட்டில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு வளைந்து நிற்கிறாள். தகுதிச் சுற்றில் 75 நிமிடத்தில் 60 தடவை சுட வேண்டும், அதற்கு முதல் 15 நிமிடம் ஆயத்தமும் சரிபார்க்கும் சூடுகளும். பத்துப் புள்ளி கிடைக்கும் நடுப்பொட்டின் அகலம் அரை மில்லிமீற்றர். பேனை முனையால் குத்திய அளவுதான்.

எலும்பு இன்னும் முற்றாத வயதில் இந்த நிலையில் மணிக்கணக்காக நின்றால் கீழ்முதுகு கட்டாயம் கதைக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் துவக்கை வைத்துவிட்டு, ஜக்கெட்டைக் கழற்றி, முன்னுக்குக் குனிந்து நிமிர வேண்டும். வயிற்றுக்கும் இடுப்புக்குமான பயிற்சிகள் தனியே இருக்கின்றன. இரவில் நித்திரையைக் கெடுக்கும் வலி, காலுக்கு இறங்கும் வலி என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். இவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் பயிற்சியில் வலி என்று சொன்னபோது அவளுக்குக் கிடைத்த பதில்: "சாட்டுச் சொல்லாத."

உண்மைக் காரணம் துவக்கில் இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ரைபிள். அதன் பின்தகடும் கன்னம் வைக்கும் கட்டையும் அவளைவிட ஒரு அடி உயரமான பெடியனுக்கு ஏற்றபடி இறுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் திருப்பி இறுக்க நேரம் போகும் என்று யாரும் தொடுவதில்லை. அவள் துவக்குக்கு ஏற்றபடி தன் முதுகை வளைத்துக்கொண்டாள். நாங்கள் செய்ததெல்லாம் ஒரு கியூட்டெக்ஸ் போத்தல் வேலைதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் சரியான அளவைப் பார்த்து, தகடு நிற்கும் இடத்தில் ஆளுக்கொரு நிறத்தில் கோடு போட்டோம். இவளுக்குச் சிவப்பு. இப்போது மாற்ற இரண்டு நிமிடம். வலி ஒரு மாதத்தில் பெருமளவு இறங்கிவிட்டது. நான் கொடுத்த பயிற்சியைவிட அந்தக் கோடு கூடுதலாக வேலை செய்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஜக்கெட்டும் இதே கதைதான். கன்வஸும் தோலும் சேர்த்துத் தைத்த விறைப்பான சட்டை அது. துணியின் தடிப்பு 2.5 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, உடம்போடு இறுகிப் பிடிக்கவும் கூடாது. போட்டிக்கு முன் அளந்து பார்ப்பார்கள். இரவல் ஜக்கெட்டோடு போகிற பிள்ளை அளக்கும் மேசையில் மறிபட்டால், அதற்குப் பிறகு சுடும் சூடெல்லாம் அழுத கண்ணோடுதான். அந்த மேசைக்குப் போகும் முதல் ஆள் பிள்ளையாக இருக்கக்கூடாது. பெரியவர் ஒருவர் முதல் நாளே அளந்து பார்க்க வேண்டும்.

இனி நான் விட்ட பிழை. வீட்டில் நிலைப்பயிற்சி செய்வதற்கு, ரைபிளின் நீளத்தில் ஒரு மரச்சட்டத்தை அறுத்து எடுக்கச் சொன்னேன். அப்பா தச்சு வேலை தெரிந்தவர். கட்டை வடிவாகவும் செய்துவிட்டார். பிள்ளை அதைத் தோளில் வைத்து முற்றத்தில் நின்றதைக் கண்ட அம்மம்மா அன்று சாப்பிடவில்லை. கட்டைத் துவக்கை வைத்துச் சனத்துக்குப் பயிற்சி கொடுத்த காலம் ஒன்று வன்னியில் இருந்தது. போருக்கென்று வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கப்பட்ட காலமும் இருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமலில்லை. அன்று முதுகெலும்பை மட்டும் யோசித்தேன், அவ்வளவுதான். அடுத்த கிழமை அம்மம்மாவே வந்தா. "பட்டது காணாதே பிள்ளை? இவளுக்கும் என்னத்துக்குத் துவக்கு?" என்று கேட்டா. நான் மன்னிப்புக் கேட்டேன். மரச்சட்டத்தை அடுப்புக்குப் போடச் சொன்னேன். இப்போது அவள் வீட்டில் தண்ணீர் நிரப்பிய போத்தல்களைப் பையில் போட்டுத் தூக்கிப் பழகுகிறாள்.

இந்த மாதிரி வீடுகளைப் பற்றி விளையாட்டுக்காரர்கள் சிலர் "பெற்றோருக்கு விளக்கம் காணாது" என்று கதைப்பதுண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. அவர்களுக்குத் துவக்கைப் பற்றி உங்களையும் என்னையும்விட விளக்கம் கூட. வீட்டுக்குப் போய் இருந்து, இது என்ன விளையாட்டு, பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் எதற்காகப் போகிறது, துவக்கு யாருடைய பொறுப்பில் எங்கே பூட்டி வைக்கப்படுகிறது என்று ஆறுதலாகச் சொல்ல வேண்டும். பெயர் பதிவது என்றாலே இங்கே பலருக்கு நெஞ்சு இடிக்கும். அதேபோல, துவக்குப் பெட்டியைப் பிள்ளையிடம் கொடுத்து பஸ்ஸில் தனியே அனுப்பவே கூடாது. அனுமதிப் பத்திரத்தைக் காட்டி மறுமொழி சொல்வது பெரியவரின் வேலை. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு ஒருநாள் சத்தம் பிடிக்கவில்லை, இனி வேண்டாம் என்றாலும் அதோடு சரி. காரணம் கேட்டு நெருக்காதீர்கள்.

பெட்டைப் பிள்ளைக்கு இது எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் நான் சட்டென்று பதில் சொல்லிவிடுவேன். 1994இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் எயார் ரைபிள் ஜோடிப் பிரிவில் இலங்கைக்குத் தங்கம் எடுத்தவர்கள் இரண்டு பெண்கள். முன்பு பெண்களுக்கு 40 சூடுதான். 2018 முதல் ஆண்களைப் போலவே 60.

போட்டிக்குப் போகும் பயணம் பெரிய அநியாயம். கொழும்பு இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல், முல்லைத்தீவுப் பிள்ளைக்கு இன்னும் தூரம். இரவு பஸ்ஸில் ஏறி, விடிய இறங்கி, ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு நேரே போய் நிற்கிறார்கள். நித்திரை இல்லாத கை நடுங்கும். அரை மில்லிமீற்றர் பொட்டுக்கு முன்னால் அந்த நடுக்கம் எவ்வளவு என்று யோசியுங்கள். கூட நிற்கும் பிள்ளை வீட்டில் படுத்து, புட்டும் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கும். பிறகு "வன்னிப் பிள்ளைகளுக்கு ஒருமுகம் காணாது" என்று ஒரு முடிவு. ஒரு பிள்ளையை எடுப்பதா விடுவதா என்று அந்த ஒருநாள் புள்ளியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். முதல் நாள் மாலையே கொண்டுபோய்ப் படுக்க வைக்கக் காசு சேர்ப்பது, புதுச் சீருடை தைப்பதைவிட முக்கியம். பெண் பிள்ளைகள் பலர் பயிற்சி நாளில் தண்ணீரே குடிப்பதில்லை, கழிப்பறை சரியில்லை என்பதற்காக. ஆவணி வெயிலில் அந்த ஜக்கெட்டுக்குள் தண்ணீரில்லாமல் நிற்பது மயக்கத்தில்தான் முடியும்.

கட்டளைகள் ஆங்கிலத்தில் வரும்: லோட், ஸ்ரார்ட், ஸ்ரொப், அன்லோட். ஸ்ரொப் சொன்ன பிறகு சுட்டால் அது வெறும் சூடு, பூச்சியம். நான்கே சொற்கள். ஆனால் இடையில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அறிவித்தல்கள் வரும்போது, தமிழ்ப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் கையை எடுக்கிறது. பயிற்சியிலேயே அந்த மொழியில் அந்தச் சொற்களைக் கேட்கப் பழக்குங்கள். பெரிய சத்தத்தில், ஒலிபெருக்கி கரகரக்கிற மாதிரியே.

தொடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலை திருத்துவதற்குப் பயிற்றுவிப்பவர் பிள்ளையின் இடுப்பையும் தோளையும் தொட வேண்டியிருக்கும். என் வேலையும் அதுதான். நான் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் தொடுவேன், பெற்றோர் ஒருவர் இருப்பார், கதவு திறந்திருக்கும். அதே ஒழுங்கைச் சுடும் இடத்திலும் கேளுங்கள். முக்கால்வாசித் திருத்தம் கண்ணாடியாலும் போனில் எடுத்த வீடியோவாலும் செய்யலாம். தனியே மெசேஜ், தனியே பயணம், தனியே அறை, மூன்றும் கூடாது. சந்தேகம் என்றால் 1929க்கு எடுக்கலாம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

ஈயம் பற்றிக் கொஞ்சம். சன்னத்தை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கும் பழக்கம் சில பெடியளிடம் இருக்கிறது. உடனே நிறுத்துங்கள், ஈயம் பிள்ளைகளின் மூளைக்குக் கூடாது. சுட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ரோல்ஸ் சாப்பிட விடாதீர்கள். கண்ட இரும்பைத் தொடாதே என்று மிதிவெடி வகுப்பில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது லேசு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் பான் ஹ்யோ-ஜின் 16 வயதில் எயார் ரைபிள் தங்கம் எடுத்தார், தொடங்கி மூன்று வருடத்தில். இதைக் காட்டி "நீயும் மூன்று வருடமாச்சு" என்று சொன்ன ஒரு தகப்பனை நான் கண்டேன். அவருடைய பிள்ளைக்குச் சொந்தத் துவக்கு இல்லை என்பதை அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்த கதை இந்தியாவின் மனு பாக்கருடையது. 19 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருடைய பிஸ்டல் இடையில் பழுதாகி நேரம் போனது, இறுதிச் சுற்று தவறியது, ஊரே குறை சொன்னது. பாரிஸில் இரண்டு வெண்கலம். கருவி கெட்டதைப் பிள்ளையின் குணக்கேடாகப் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன். கால் இழந்த இளையவர்கள் என் அறைக்கு வரும்போது சொல்வது வேறு: சக்கர நாற்காலியிலிருந்து சுடும் இந்தியாவின் அவனி லேகரா டோக்கியோ பராலிம்பிக்கில் 19 வயதில் தங்கம் எடுத்து, பாரிஸிலும் எடுத்தார். துவக்கின் பாரத்தைத் தன் கையால் தாங்கக்கூடியவர்களுக்கு ஒரு பிரிவு, தாங்கி வேண்டியவர்களுக்கு இன்னொரு பிரிவு என்று அங்கே இருக்கிறது.

அந்த முதுகுவலிப் பிள்ளை இப்போது மாதம் ஒருமுறைதான் வருகிறாள், முதுகைக் காட்ட. அப்பா வெளியே வாங்கில் இருப்பார். அம்மம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, மறிக்கவும் இல்லை. ஆனால் அந்த ஜக்கெட்டை வீட்டுக்குள் எடுக்க விடமாட்டா. அதனால் அது என்னுடைய அறைக் கதவுக்குப் பின்னால், செயற்கைக் கால்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து தட்டுவாள். நான் கதவைத் திறக்க முதலே கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.