முன்முனையா, முன்கட்டையா?

‘ஒற்றை ஷாட் பிஸ்டல் பீப்பாய்களுக்கு இணக்கமான மாற்று முன்முனை.’ மெய்ப்புப் பார்க்க வந்த ஓர் உதிரிபாகப் பட்டியலில் இருந்த வரி இது. இதே ‘முன்முனை’யை இதற்கு முன்பும் இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தியிருக்கிறேன். மூன்றாவது முறையும் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் ‘ஃபோர்எண்ட்’. ‘ஃபோர்’ என்றால் முன், ‘எண்ட்’ என்றால் கடைசி, நுனி. இரண்டையும் ஒட்டிவிட்டால் முன்முனை. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். எதன் முனை என்று யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியில் குழலைத் தாங்கும் மரப்பகுதி கட்டை. அந்தக் கட்டையின் முன்பகுதிதான் ஃபோர்எண்ட். குழலின் முனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜெர்மானியர் ‘ஃபோர்டர்ஷாஃப்ட்’ என்கிறார்கள், அப்படியே முன்கட்டை.

‘துப்பாக்கியின் முன்முனை’ என்றால் தமிழ் படிக்கும் யாருக்கும் என்ன தோன்றும்? குண்டு வெளியேறும் வாய்தான். ‘முன்முனையைக் கையால் தாங்கிப் பிடிக்கவும்’ என்று ஒரு கையேட்டில் அச்சானால், படிப்பவரின் கை எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். இதை வெறும் சொல் அழகுப் பிரச்சினை என்று என்னால் விட முடியாது.

‘முன்பிடி’ என்று சொல்வோரும் உண்டு. முன்முனையைவிட ஆயிரம் மடங்கு தேவலை. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. தாம்சன்/சென்டர் நிறுவனம் 1967இல் கொண்டுவந்த கன்டெண்டர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் குறிசுடுவோரும் ஒரே சட்டகத்தில் .22 முதல் .44 மேக்னம் வரையிலான தோட்டா அளவுகளுக்கு ஏற்பக் குழலை மாற்றி மாற்றிப் பூட்டிக்கொள்ளும் துப்பாக்கி அது. குழலின் அடியில் திருகாணியால் பிடித்திருக்கும் முன்கட்டையைக் கழற்றினால்தான் குழலைச் சட்டகத்தோடு இணைக்கும் கீல் ஆணி வெளியே தெரியும். அதைத் தள்ளி எடுத்தால் குழல் கையோடு வரும். பலர் இந்தக் கட்டையைக் கையால் பிடிப்பதுகூட இல்லை. மணல் மூட்டைமேல் சாய்த்து வைத்துச் சுடுகிறார்கள். பிடிக்காத ஒன்றுக்குப் பிடி என்று பெயர் எதற்கு?

ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் வருகிறதே, அதை எப்படிக் கட்டை என்பது என்று கேட்கிறார்கள். சைக்கிள் பிரேக் கட்டை எதில் செய்தது? ரப்பரில்தானே. ஆர்மோனியக் கட்டை பிளாஸ்டிக் ஆன பிறகும் கட்டைதான். மக்கள் எப்போதோ தீர்த்துவைத்த கேள்வி இது.

அந்த வரியில் மற்றச் சொற்களும் சரியில்லை. பீப்பாய் எண்ணெய் ஊற்றி வைப்பது. அதுவே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். ‘இரட்டைக்குழல் துப்பாக்கி’ என்று பட்டிதொட்டியெல்லாம் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் குழல் ஏன் நினைவுக்கு வருவதில்லை? ‘இணக்கமான’ என்பது இன்னொரு தொல்லை. இணக்கம் மனிதர்களுக்குள் இருப்பது. செருப்பும் சட்டையும் பூட்டும் சாவியும் பொருந்தும், உதிரிபாகமும் அப்படித்தான். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டு நகரும் பழக்கம் எல்லாக் கையேட்டுத் தமிழையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

பொருத்தம் என்று வந்தால், முன்கட்டை பொருந்த வேண்டியது குழலோடு. எண்கோணக் குழலுக்குக் குடைந்த கட்டையில் தடித்த உருண்டைக் குழல் உட்காராது. குழலில் ஒரு திருகாணித் துளையா இரண்டா, இரண்டென்றால் இடைவெளி எவ்வளவு என்றும் அளந்து பார்க்க வேண்டும். துப்பாக்கியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் துளை துளைக்கு நேராக நிற்காது. அதனால் பட்டியல் வரியில் குழலின் வடிவமும் வர வேண்டும். நான் திருத்தி அனுப்பியது இது: ‘ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியின் எண்கோணக் குழலுக்குப் பொருந்தும் முன்கட்டை, ஒரு திருகாணி.’