காதை ஏமாற்றினால்தான் உண்மை தெரியும்

'ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுத்தால் பேச்சு வரும் என்கிறார்களே, உண்மையா?' என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

நலமாக இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின், சாதாரணக் காற்றிலேயே ஏறக்குறைய முழுதாக ஆக்சிஜனால் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் கொடுப்பது இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில்தான் கரைய வேண்டும். அழுத்தம் கூடினால் கூடுதலாகக் கரையும். கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும், ஆழ்கடலில் இருந்து அவசரமாக மேலே வந்தவர்களுக்கும் இது உயிர் காக்கும் சிகிச்சை. ஆட்டிசத்துக்கு?

2009இல் 62 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, பலன் உண்டு என்றது. கொடுத்தது 1.3 வளிமண்டல அழுத்தத்தில் 24 சதவீத ஆக்சிஜன். பெருக்கிப் பாருங்கள்: 0.31. சாதாரண அழுத்தத்தில் 31 சதவீத ஆக்சிஜனை முகமூடி வழியாகச் சுவாசித்தாலும் அதே அளவுதான். மறு ஆண்டே, இதே அளவைச் சோதித்த வேறொரு குழு பலன் எதையும் காணவில்லை.

இத்தகைய ஆய்வுகளில் என்னை வியக்கவைப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் போலிச் சிகிச்சையை வடிவமைக்கும் விதம். மாத்திரை என்றால் மருந்தில்லாத மாத்திரை போதும். அழுத்தத்தை எப்படி மறைப்பது? அழுத்தம் ஏறும்போது செவிப்பறை உள்நோக்கி அழுந்தும், காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்து அடைப்பு நீங்கும். காது அடைக்காத குழந்தைக்கு எதுவும் நடக்கவில்லை என்பது வெளிப்பட்டுவிடும். ஆகவே இதே கேள்வியைச் சோதித்த தாய்லாந்து ஆய்வாளர்கள், ஒப்பீட்டுக் குழுவின் அறையிலும் அழுத்தத்தைச் சற்று ஏற்றினார்கள், 1.15 அளவுக்கு. உள்ளே இருந்தது வெறும் காற்று. மற்ற குழுவுக்கு 1.5 அழுத்தத்தில் தூய ஆக்சிஜன். மொத்தம் 60 குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரமாக 20 அமர்வுகள்.

2012இல் முடிவு வெளியானது. இரு குழுவிலும் முன்னேற்றம்! குழுக்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழந்தைகள் வளர்கிறார்கள், நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரிகிறது. வெறும் காற்றை வைத்து ஒப்பிட்டிராவிட்டால், அவ்வளவையும் ஆக்சிஜனின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

'பலன் இல்லை' என்று சொல்லக்கூடிய இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் விற்றுவிட்டுப் பிறகு சோதிப்பது, பெற்றோரின் தவிப்பைக் காசாக்கும் வேலை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் ஆட்டிசத்துக்கு இச்சிகிச்சை அனுமதிக்கப்படவில்லை என 2013இல் எச்சரித்தது.

வாசகருக்கு என் பதில்: இப்போதுள்ள சான்றுகளின்படி, பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அழுத்தத்தால் காதில் காயம் ஏற்படலாம். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கு அது சிறிய விஷயம் அல்ல. அந்தப் பணத்தையும் நேரத்தையும் பேச்சுப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.